கடல் தாண்டிப் போன அழைப்புக் கடிதம்

அந்தத் தவக்காலம் முழுவதும் நான் கோபத்தோடுதான் கோவிலுக்குப் போனேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப் போவதெல்லாம் அந்தக் கோபத்திலிருந்து ஆண்டவர் என்னை எப்படி எடுத்தார் என்பதுதான்.

நான் இலங்கையின் மன்னார்ப் பக்கத்து விடத்தல்தீவைச் சேர்ந்தவள். பிறந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். சண்டை முடிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் காணியில் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். அதன் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம்.

இரண்டு வருடம் கழித்து, தண்ணீர்ப் பம்பிகள் செய்யும் ஒரு கம்பனி தொழில் பயிலுநர்களைச் சேர்ப்பதாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஆண், பெண் இருவருக்கும் சம வாய்ப்பு என்று அதில் இருந்தது. அப்பா முகாமில் இருந்த காலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தவர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொண்டுபோய் நானும் அரம் பிடிக்கப் பழகியிருந்தேன். அன்றைக்கே விண்ணப்பம் போட்டேன். கொட்டிலில் நித்திரையே வரவில்லை, அவ்வளவு ஆசை.

ஊரில் விண்ணப்பித்த பொடியன்கள் எல்லோருக்கும் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. "இந்தியாக்காரிக்கு ஏன் இரும்பு வேலை, தையல் பழகட்டும்" என்று ஒருவன் சந்தியில் நின்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பெண் என்றும், திரும்பி வந்தவள் என்றும் என்னை வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கோவில் இளைஞர் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தக் கம்பனியைத் திட்டினேன். சம வாய்ப்பு என்பதெல்லாம் சுவரில் ஒட்டத்தான் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். பரீட்சை நாளும் கடந்து போனது.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் எழும்பவில்லை. அழுதேன். அதுவரை வேலையைத் தாரும், தாரும் என்றே கேட்டிருந்தேன். அன்றுதான் செபம் மாறியது. "ஆண்டவரே, வேலை இல்லாட்டியும் பரவாயில்லை. என்ன நடந்ததெண்டு எனக்குக் காட்டும்." அவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் முகாமிலிருந்து என் சித்தி தொலைபேசி எடுத்தார். அவர்கள் குடும்பம் இன்னும் அங்கேதான்.

"ஏய் ஜெனி, உனக்கு இங்க ஒரு கடுதாசி வந்திருக்கு. இலங்கை முத்திரை. நீ அங்க போயி ரெண்டு வருஷமாச்சு, அவங்களுக்கு இன்னும் தெரியாதா?"

பிரித்து வாசிக்கச் சொன்னேன். பரீட்சைக்கான அழைப்பு. விண்ணப்பத்தில் நிரந்தர முகவரி என்று கேட்ட இடத்தில் நான் முகாம் முகவரியைத்தான் எழுதியிருந்தேன். கொட்டிலைத் தற்காலிக முகவரி என்று போட்டிருந்தேன். கம்பனி நிரந்தர முகவரிக்கே கடிதத்தை அனுப்பியிருக்கிறது. பிழை அவர்களுடையது இல்லை. என்னுடையது.

திங்கட்கிழமை அப்பாவோடு கம்பனிக்குப் போனேன். வாசலில் காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றார். வெயிலுக்குள் நின்றோம். செபமாலை சொல்லி முடிகிற நேரம் பயிற்சிக்குப் பொறுப்பான மிஸ் வெளியே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே கூட்டிப்போய் என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை இப்பிடிப் போட்டனீர்?"

"மிஸ், இஞ்ச கொட்டிலைத் தற்காலிக வீடு எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. பதினெட்டு வருஷமா இருந்தது அங்கதானே."

அவர் விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். பிறகு, கடிதம் கிடைக்காதவருக்குப் பரீட்சை வைக்காமல் விடுவதும் நியாயம் இல்லை என்றார். "ஆனா பொம்பிளைப் பிள்ளை எண்டு சலுகை இல்லை. மற்றவைக்குக் குடுத்த அதே வேலை, அதே நேரம்."

ஓர் இரும்புத் துண்டு. அதை அரத்தால் ராவிச் சதுரமாக்க வேண்டும். இயேசுவே, இயேசுவே என்று ஒவ்வொரு இழுப்புக்கும் சொன்னேன். முடிந்ததும் மிஸ் கோணம் சரியா என்று பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளியால் வெளிச்சம் தெரிந்தது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இந்தப் பக்கம் பிழை," என்றார். "அதைப் பழக்கத்தானே நாங்கள் இருக்கிறம்."

அடுத்த கிழமை என்னைச் சேர்த்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது, இம்முறை கொட்டிலுக்கே. அந்த ஞாயிறு பூசை முடிய, நான் கம்பனியைத் திட்டிய அதே இளைஞர்களிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பரீட்சையை விட அது கடினமாக இருந்தது. இன்று லேத்தில் நிற்கிறேன். என்னோடு சிலாவத்துறைப் பிள்ளை ஒருத்தியும் பழகுகிறாள். இரண்டு பேருக்கும் உடுப்பெல்லாம் எண்ணெய்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது பதில் வராமல் காத்திருந்தால், கோபத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். உண்மையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழும்பிப் போய் அந்த வாசலில் நில்லுங்கள். எனக்கு அவர் வேலையைத் தந்தார், நன்றி. ஆனால் அதற்கு முன்பே, நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த பொய்யிலிருந்து என்னை மீட்டார். அந்த நன்றிதான் பெரிது.