தாய்மாமன் வரவில்லை

என் தங்கை மகளுக்குக் காது குத்திய அன்று எனக்கு வாந்தியும் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. நன்றாகத்தான் இருந்தேன். அரப்பாளையம் பேருந்து நிலையத்தில் சீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான் போகவில்லை!

ஆறு வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களை எனக்குத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்...

எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாமல் காது குத்தமாட்டார்கள். அவன் மடியில் வைத்துத்தான் மொட்டை, அவன் மடியில் வைத்துத்தான் காது. தோடும் அவன் கொண்டுவருவதுதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, என் தங்கை மாலாவுக்குக் கூடப் பிறந்தவன் என்று சபையில் காட்ட நான் ஒருவன்தான். இது எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும்.

என் பிழைப்பைச் சொன்னால் என் வியாதி உங்களுக்குப் புரியும். கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் வேலை. ஒவ்வொரு மூடியாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே அதற்குச் சம்பளம் உண்டு. நானோ வீட்டுக்கு வந்த பிறகும் அதையே செய்தேன். ஒருவர் ‘சரி’ என்றால் போதும், அந்தச் சரியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஏன் இழுத்துச் சொன்னார்? ஏன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்?

விசேஷத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மாலாவின் கணவர் குடும்ப வாட்ஸப்பில் ஒரு படம் போட்டார். உசிலம்பட்டிப் பக்கம், அவர்கள் ஊர் முக்கில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் குழந்தை. சுற்றிலும் பெரியப்பன், சித்தப்பன், கூலிங்கிளாஸ் போட்ட அவர்கள் நண்பர்கள் என்று இருபது முகம். தாய்மாமன் முகம் இல்லை! பெயர் மட்டும் அடியில், பொடி எழுத்தில்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். மாலாவுக்குப் போன் போட்டேன். “வேலையா இருக்கேண்ணே, அப்பறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டாள். அப்புறம் பேசவில்லை.

அம்புட்டுதான்! என் மண்டைக்குள் மில் ஓடத் தொடங்கிவிட்டது.

அவர்கள் கடை கண்ணி வைத்துப் பெரிய ஆளாகிவிட்டார்கள். நான் ஒத்தக்கடையில் ஒற்றை அறையில் கிடப்பவன், கல்யாணமும் ஆகாதவன். என்னை அண்ணன் என்று காட்ட வெட்கமாக இருக்கிறது போலும்... பொங்கலுக்கு வந்தபோதுகூட உட்காராமல் வாசலோடு திரும்பினாளே! அப்போதே முடிவு செய்திருப்பாள். பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப்போனவனுக்கு இதுவா கைம்மாறு? துரோகி! பல் துலக்கும்போது வாய்விட்டே சொன்னேன், துரோகி என்று.

“ஏம்மா, என் போட்டோவ ஏன் போடல?” இவ்வளவுதான் கேட்டிருக்க வேண்டும். நான்கு நாளும் அவள் சொல்ல வேண்டிய பதிலையெல்லாம் நானே சொல்லி, அதற்கு நானே அழுதேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

அன்று காலை பட்டுப்பாவாடை, கொலுசு, தோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பத்தான் செய்தேன். அரப்பாளையத்தில் கால் நின்றுவிட்டது. மண்டபத்து வாசலில் ‘வாங்க’ என்று யார் சொல்வார்கள்? ஒருவரும் சொல்லாவிட்டால்? பையோடு நான் எங்கே நிற்பது? “அண்ணே, உசிலம்பட்டி ஏறுங்க, சீட்டு கெடக்கு!” என்றார் கண்டக்டர். “அடுத்ததுல வாரேன்” என்றேன். அடுத்ததுக்கும் அதையே சொன்னேன். ஐந்து பேருந்து போய்விட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது... அணைத்து வைத்தேன்.

இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்ல நேரம் தாண்டியபோது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இப்போது தெரியட்டும் என் அருமை!

சாயங்காலம் போனைத் திறந்து, ‘ஒரே வாந்தி, எந்திரிக்க முடியல’ என்று செய்தி அனுப்பினேன்.

மறுநாள் மாலா வந்து நின்றாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளை இடுப்பில், கஞ்சித் தூக்கு கையில். வந்ததும் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏண்ணே, இம்புட்டு முடியாமக் கெடந்திருக்க, பக்கத்து வீட்டுலயாச்சும் சொல்லிருக்கக் கூடாதா?”

கஞ்சியை ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். நேரம் தப்பியும் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். கடைசியில் எங்கள் சித்தப்பா மகன் முருகன் மடியில் உட்கார வைத்தார்களாம். தோடு இல்லாததால் ஆசாரி தன்னிடம் இருந்த கம்பியை மாட்டிவிட்டாராம்.

“ஒம் போட்டோவ பேனர்ல போட்டே ஆகணும்னு அவரு ஒத்தக்கால்ல நின்னாருண்ணே. நாந்தேன் மல்லுக்கு நின்னு வேணாம்னேன். என் கல்யாணத்துக்கு, ‘இனிமே எம் மூஞ்சிய ரோட்டுல தொங்க விட்டீக, வரவே மாட்டேன்’னு குதிச்சீல்ல? அதேன். இப்ப எங்க மாமியா கேக்குது, வராத ஆளுக்கு எதுக்குடி போட்டோன்னு...”

அழுதாள்.

அப்படிச் சொன்னேனா? சொன்னேன்! அவள் சொல்லையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், நான் சொன்னதை மறந்தே போயிருந்தேன். ஐயோ... நான் நம்பிக் கேட்டதெல்லாம் என் மண்டை கட்டிய கதை! என்னை என் மண்டையே ஏமாற்றும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்... கஞ்சியைக் குடித்தேன். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மனசு எதையாவது பின்னத் தொடங்கினால், சம்பந்தப்பட்ட ஆளிடம் அன்றைக்கே போய்க் கேட்டுவிடுவது. ஒருநாள் சூப்பர்வைசர் ‘நாளைக்கு வந்து என்னையப் பாரு’ என்றார். “திட்டத்தான்னா இப்பவே திட்டிருங்க சார்” என்றேன். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார்! கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் தூக்கம் வருகிறது. என் வியாதிக்கு நான் கண்ட மருந்து இதுதான்.

போன மாதம் மாலாவின் இரண்டாவது பிள்ளைக்குக் காதுகுத்து. முதல் பேருந்திலேயே போய்விட்டேன். வாசலில் மாலா, “வாண்ணே” என்று பையை வாங்கிக்கொண்டாள். பாயில் உட்கார்ந்தேன், பையனை மடியில் வைத்தார்கள். நெஞ்சு நிறைந்துபோனது.

நிமிர்ந்தால், பக்கத்தில் முருகன் நிற்கிறான். புது வேட்டி. கையில் ஒரு தோட்டுப் பெட்டி.

மாலாவைப் பார்த்தேன்.

“ஒனக்குத் திடீர்னு முடியாமப் போயிருச்சுன்னா... அதாண்ணே அவனையும் வரச் சொன்னேன்” என்று சிரித்தாள்.

அவளுக்குத் தெரியுமா? அன்றே தெரிந்துதான் கஞ்சி ஊற்றினாளா? யாரிடமும் எதையும் அன்றைக்கே கேட்டுவிடுகிற நான், இதை எப்படிக் கேட்பேன்? கேட்டால் சொல்லியாக வேண்டுமே... சொல்லுங்கள், நீங்கள் கேட்பீர்களா?

ஆசாரி ஊசியை எடுத்தார். பையன் வீறிட்டான், தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது காதும் குத்தி முடிகிற வரை முருகன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.