சளி பிடிக்காமல் பனிச்சறுக்கு

சுற்றுலா கூட்டிப் போகிறவருக்கு உலகத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்: வண்டி நின்றதும் முதலில் தேட வேண்டியது கழிப்பறை. காசிக்குப் போனாலும் கஜகஸ்தானுக்குப் போனாலும் இதில் மாற்றமில்லை. கூட வருவது குழந்தைகள் என்றால், நாம் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதற்குள் தேவையே தீர்ந்துபோயிருக்கும். சின்னப் பிள்ளைகளோடு ஒரு தடவையாவது தூரப் பயணம் போய்வந்தவர்கள் எல்லாரும் எனக்கு உடன்பிறவாத சொந்தங்கள். உங்களிடம் சொல்லி அழாமல் நான் வேறு யாரிடம் அழுவது?

எங்கள் டிராவல்ஸ் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிறது. பல வருடமாக நவக்கிரகக் கோயில், ராமேஸ்வரம் என்று நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தோம். முதலாளிக்கு என்ன தோன்றியதோ, 'குழந்தைகளோடு குடும்பமாகப் பனிச்சறுக்கு, அல்மாட்டி, கஜகஸ்தான்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டார். கூட்டிப் போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை நான் ஐஸைக் கரும்பு ஜூஸ் கடையில்தான் பார்த்திருந்தேன். மூன்று குடும்பங்கள் சேர்ந்தன.

கடல் இல்லாத வெளிநாடு

முதலில் வந்தவர் ஸ்ரீநிவாசன். திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். மனைவி வைதேகி, நாலு வயதுப் பையன் ராகவன். பணம் கட்டுவதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்டது உலக வரைபடம். செல்போனில் காட்டினேன். சென்னையில் விரலை வைத்து டெல்லிக்கு இழுத்தார், அங்கிருந்து இமயமலைக்கு மேலே ஏற்றி அல்மாட்டியில் கொண்டுபோய் நிறுத்தினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"சமுத்திரத்தைத் தாண்டப்படாதுன்னுதானே சாஸ்திரம்? வழியில ஒரு சொட்டு உப்புத் தண்ணி கிடையாது, பாருங்கோ. மேப்பைக் காட்டித்தான் அப்பாகிட்ட சம்மதம் வாங்கப் போறேன்" என்றார். சிங்கப்பூர், துபாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவர் எங்கள் போர்டைப் பார்த்து ஏன் மாடி ஏறினார் என்று அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைதேகி பெருமூச்சு விட்டார்.

"கடலைத் தாண்டாம போறதுக்கு வழி கண்டுபிடிச்சுட்டார். அந்த ஊர்ல வெங்காயத்தைத் தாண்டறதுக்கு என்ன வழின்னு இவரையே கேளுங்கோ."

உலைக்குப் போட்ட கோட்டு

முருகேசன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் ஃபோர்மேன். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற இடம். நன்றாக வேலை பார்த்ததற்கு மில்லில் குடும்பத்தோடு கோவா போய்வரச் சொன்னார்களாம். இவர் கோவா வேண்டாம் என்று சொல்லி, மிச்சப் பணத்தைக் கையிலிருந்து போட்டு அல்மாட்டிக்கு மாற்றிக்கொண்டார். காரணம், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினி. பனியில் சறுக்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். வீடியோ எடுத்து வா, எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம் என்று மிஸ் வேறு சொல்லியிருக்கிறார்.

"யக்கா, எம் பொண்ணு பனில சறுக்கணும், அத நான் வீடியோ புடிக்கணும். வேற இன்னாவும் வாணாம் எனக்கு" என்றார் முருகேசன். அவர் மனைவி செல்வி, "சளி புடிச்சிக்கினா?" என்று மட்டும் கேட்டாள். அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில்தான் நான் பயணம் முழுக்க மாட்டிக்கொண்டேன்.

அங்கே குளிருக்கான கோட்டு வாடகைக்குக் கிடைக்கும் என்று தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தேன். முதல் நாள் காலை முருகேசன் சறுக்குமிடத்துக்கு வந்து நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! உடம்பு முழுக்க வெள்ளியாகப் பளபளக்கிற கோட்டு. உலைக்கு முன்னால் நிற்கும்போது போடுவது. "ஆயிரம் டிகிரிய வெளில நிறுத்துன கோட்டு, இந்தக் குளிர நிறுத்தாதா?" என்று நியாயம் பேசினார். அந்த நாட்டில் ராக்கெட் ஏவுகிற இடம் இருக்கிறதாம், உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நின்று அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சறுக்கச் சொல்லித்தரும் அர்மான், "இவர் எப்போது மேலே போகிறார்?" என்று என்னிடம் மரியாதையாக விசாரித்தார்.

கொஞ்ச நேரத்தில் கோட்டு குளிரில் அப்பளம்போல் விறைத்துவிட்டது. கையை மடக்க முடியவில்லை. டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் மனிதர் சிலையாக நின்றார். செல்விதான் வந்து டம்ளரைப் பிடித்துப் புகட்டினாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவருக்கு ஊட்டி வுடல யக்கா."

ஓடும்போது இறங்கக் கூடாது

மூன்றாவது குடும்பம் டேவிட் சாருடையது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். மனைவி எஸ்தர், இரட்டைப் பையன்கள் இரண்டு பேர். கம்பெனியில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் நிறுத்திவைத்துப் பாதுகாப்பு பற்றிப் பேசுவார்களாம், அதைப் பனிமலையிலும் விடவில்லை. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, கையை முன்னால் நீட்டச் சொல்லி, உறுதிமொழி வாசித்தார். "நான் ஹெல்மெட் அணிவேன்! வேலை செய்யும் இடத்தில் விளையாட மாட்டேன்!" விளையாடத்தானே வந்திருக்கிறோம் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

பிறகு மலைமேல் ஏற்றிப்போகிற நாற்காலி லிஃப்ட். கம்பியில் தொங்கிக்கொண்டு நிற்காமல் ஓடும், நாம்தான் ஓடுகிற நாற்காலியில் உட்கார்ந்து ஏறி, மேலே போனதும் சட்டென்று எழுந்து இறங்கிக்கொள்ள வேண்டும். அடியில் இரண்டு பேர் பிடித்துத் தள்ளியதில் டேவிட் சார் எப்படியோ உட்கார்ந்துவிட்டார். மேலே போனார். இறங்கவில்லை. ஓடுகிற இயந்திரத்திலிருந்து இறங்கக் கூடாது என்பது அவர் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற விதி. அப்படியே சுற்றிக் கீழே வந்தார். கீழேயும் இறங்காமல் மறுபடி மேலே போனார். "நிக்கட்டும், எறங்கறேன்!" என்று ஒவ்வொரு தடவையும் கத்திக்கொண்டே எங்களைக் கடந்து போனார். அர்மான் லிஃப்டையே நிறுத்தச் சொல்கிற வரை இந்த ஊர்வலம் நடந்தது. பையன்கள் கைகாட்டிக் கைகாட்டி ஓய்ந்துவிட்டார்கள். எஸ்தர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"இன்னாங்க, நாஷ்டாவுக்காவது எறங்குவீங்களா?"

எலுமிச்சம்பழம்

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நம்மில் யார் ஓட்டுகிறோம்? ஸ்ரீநிவாசன் மகனின் சறுக்குப் பலகைகளுக்கும் அதைச் செய்யாமல் விடுவதாக இல்லை. பலகை நுனியில் அழகாகத் திருமண் இட்டார். சூடம் ஏற்றியபோது டேவிட் சார் ஓடிவந்து திறந்தவெளி நெருப்பு கூடாது என்றார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வதற்குள் காற்றே வந்து சூடத்தை அணைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பழத்தில்தான் வினை. "ஊரே ஃப்ரிட்ஜா இருக்கே" என்று வைதேகி கறிவேப்பிலை, எலுமிச்சை எல்லாவற்றையும் பையில் போட்டு ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டிருந்தார். பழம் கருங்கல்லாகிவிட்டது. அதைப் பலகைக்கு அடியில் வைத்து, "பெருமாளே!" என்று ஸ்ரீநிவாசன் மகனை லேசாகத் தள்ள, பழம் உருண்டது, பலகையும் நழுவியது, ராகவன் பின்பக்கமாகத் தொப்பென்று உட்கார்ந்தான். அழவில்லை. எழுந்து, குனிந்து, பழத்தை எடுத்து நாலாபக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"அப்பா, எலுமிச்சம்பழம் நசுங்கலை. நான்தான் நசுங்கிட்டேன்."

கண்ணாடிக்கு உள்ளே

இத்தனை கூத்திலும் யாழினி மட்டும் பனியைத் தொடவில்லை. சறுக்குமிடத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை, பெரிய கண்ணாடி ஜன்னலோடு. அதற்குள்தான் அவளைச் செல்வி உட்காரவைத்திருந்தாள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, காதில் பஞ்சு, நெஞ்சில் தைலம். கேட்டால் தினமும் ஒரு பதில் தயாராக இருக்கும். இன்னைக்குத் தலைக்கு ஊத்தியிருக்கேன். இன்னைக்கு மூக்கு சில்லுன்னு கீது. இன்னைக்குக் காத்து ஜாஸ்தி. முருகேசன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியையும் மலையையும் மாறி மாறிப் பார்ப்பார். யாழினி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, அர்மான் மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை விடாமல் பார்ப்பாள். மேஜைக்கு அடியில் அவள் கால்களும் குதிகாலை விரித்து, முன்விரலைச் சேர்த்து அதையே செய்துகொண்டிருக்கும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரிதான், மறைக்கவில்லை. "பனி பார்க்க இத்தனை தூரம் வந்துட்டுப் பனிக்குப் பயந்தா எப்படிம்மா? டாக்டர்கூடத் தாராளமா போலாம், வாயை மூடிக்கட்டு, மூச்சுக்கு அடிக்கிற பம்பு கைல இருக்கட்டும்னுதானே சொன்னார்?" என்று செல்வியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. போன மழைக்காலத்தில் யாழினிக்கு மூச்சு இழுத்துக்கொண்டதைச் சொன்னாள். கும்மிடிப்பூண்டிப் புகை அந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்வதில்லையாம். உதடு நீலம் பாரித்து மடியில் கிடக்க, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். முருகேசன் அப்போது ஷிப்டில் இருந்தார். எனக்கு என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ராவுக்கு ராவு இவ மூச்சு சத்தத்தக் கேட்டுக்கினுதான் நான் படுத்துக்கினு கீறேன். வெளில வுடுன்னு நீங்க ஈசியா சொல்லிட்றீங்க யக்கா."

பம்பு எங்கே

கிளம்புவதற்கு முதல் நாள். காலையில் எல்லாரையும் எண்ணி, பாஸ்போர்ட்டை விசாரித்து, செல்வியிடம், "பம்பு எடுத்துக்கிட்டியாம்மா?" என்றேன். கைப்பையைத் துழாவினாள். இல்லை. அறைக்கு ஓடினோம். பெட்டியின் பக்கவாட்டு ஜிப்புக்குள், கும்மிடிப்பூண்டியில் கட்டிய பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் அப்படியே இருந்தது. வந்ததிலிருந்து அதை எடுக்கவே இல்லை. செல்வி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் தூங்கிட்டேன் யக்கா. வந்ததுலேந்து நல்லாத் தூங்கிக்கினு கீறேன், எனக்கே தெர்ல" என்றாள். கீழே அல்மாட்டி நகரத்தில் நம் ஊரைப்போலவே புகைதான். எங்கள் விடுதி மலைமேல் இருந்தது. அங்கே இழுப்பும் இல்லை, விசிலும் இல்லை, கேட்பதற்குச் சத்தமே இல்லாததால் அம்மாக்காரி தூங்கியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் ஒரு துண்டை எடுத்து மகளின் வாயைச் சுற்றிக் கட்டினாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய் அர்மானிடம் விட்டாள்.

யாழினிக்கு ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குதிகாலை விரித்தாள், முட்டியை மடக்கினாள், குழந்தைகளுக்கான சின்னச் சரிவில் சர்ரென்று இறங்கினாள். பின்னாலேயே பம்பைக் கவரோடு கையில் உயர்த்திப் பிடித்தபடி ஓடிய செல்வி, கால் வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே மகளை முந்திக்கொண்டு அடிவாரம் வரை போனாள். முருகேசன் வீடியோ எடுக்கப் போன நேரம் பார்த்துக் குளிரில் போன் செத்துவிட்டது. எஸ்தர் எடுத்த வீடியோவில் பாதி டேவிட் சாரின் ஹெல்மெட். முருகேசன் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை. குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். யாழினி மேலே ஏறி வந்து, வாயில் கட்டிய துண்டை இறக்கி, அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, அழுவாத. கண்ணுல ஐசு கட்டிக்கும்."

திரும்பும் வழி

சென்னையில் இறங்கி வேனில் வந்தோம். திருவள்ளூர்க் குடும்பத்தை முதலில் இறக்கினோம். வெங்காயத்தைத் தாண்டிப் பிழைத்துவந்த களைப்பில் வைதேகி என்னிடம், முதல் வேலையாகத் தளிகை பண்ணிச் சாப்பிடப் போவதாகச் சொன்னார். டேவிட் சார் வேன் முழுதாக நின்று, டிரைவர் சாவியை எடுத்த பிறகுதான் இறங்கினார். கடைசியாக முருகேசன் வீடு.

கும்மிடிப்பூண்டி நெருங்கியதும் புகைபோக்கிகள் தெரிந்தன. யாரும் சொல்லாமலே செல்வி ஜன்னலை மூடினாள். யாழினி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு தடவை இருமினாள். செல்வி கைப்பையைத் திறந்து பம்பை எடுத்து, கவரைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "யக்கா, அந்த மலைல ரோலிங் மில்லு எதனா கீதா? இவருக்கு அந்த வேல மட்டும்தான் தெரியும்" என்றாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முன் சீட்டிலிருந்து முருகேசன் திரும்பாமலே சொன்னார்:

"அங்க மில்லு இருந்தா அந்தக் காத்து இருக்காது செல்வி."

இந்தத் தொழிலில் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, திரும்பக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிடுவதற்குத்தான் கொஞ்சம் கல்நெஞ்சு வேண்டியிருக்கிறது.