குருவியைக் கேட்டு வந்தவள்

இல்லத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டக்கா. பதினைந்து, பதினாறு வயதில் வயிற்றோடு வந்து நிற்கும் பெண்களைப் பிரசவம் முடியும்வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை அது. அவள் வாசல் காவல். அதற்கு முன் துணிக்கடையில், வெளியே போகும் பெண்களைச் சோதித்து அனுப்பும் வேலை. புருஷனைப் பற்றி யாராவது கேட்டால், "அவனையும் செக் பண்ணித்தான் வெளிய அனுப்பினேன்" என்பாள்.

நன்கொடை கொண்டுவருகிறவர்கள்மேலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. "பால்பவுடர் ஒரு டப்பா, போட்டோ ஒரு கட்டு. யாரு யாருக்குத் தர்மம் பண்றது?"

பழைய காவலாளி இருந்தபோது, உள்ளே யாரிடமோ பெயரைத் தெரிந்துகொண்டு, பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து ஒரு பெண்ணைக் கூட்டிப்போனான். பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. அதிலிருந்து ஓர் ஏற்பாடு. இல்லத்துக்குள் வந்ததும் ஒவ்வொரு பெண்ணும் தனக்கொரு புதுப்பெயர் வைத்துக்கொள்வாள். பார்க்க வருகிறவர்கள் பழைய பெயரைச் சொன்னால்தான் கதவு திறக்கும். புதுப்பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், உள்ளே யாரையோ கைக்குள் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

குருவி என்று பெயர் வைத்துக்கொண்டவளுக்கு நாள் நெருங்கிவிட்டது. பிரசவ அறைக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த மதியம்தான் ஒருத்தி வந்து கம்பியைத் தட்டினாள்.

"குருவியைப் பாக்கணும். நான் அவ அக்கா."

"பெத்தவங்க வச்ச பேரைச் சொல்லு."

வந்தவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "அதைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

"கதை நல்லாயிருக்கே."

"எப்பங்க பிரசவம்? டாக்டர் என்ன சொன்னாரு?"

சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைமேல்தான் கண். பூட்டக்கா கதவைச் சாத்தினாள்.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெயரை விற்றது யார்? மாடிப்படியில் நின்று போனில் கிசுகிசுக்கும் நர்ஸா? திடீரென்று தங்கத் தோடு போட்டுக்கொண்ட சமையல்காரியா? மேனேஜரம்மா டீ கொடுத்தாள். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

சாயங்காலம் குருவியே வாசலுக்கு வந்தாள். "என்னைக் கேட்டு யாராச்சும் வந்தாங்களா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நர்ஸக்கா போனை வாங்கி எங்கக்காவை நான்தான் வரச்சொன்னேன்."

"கூடப் பொறந்தவளுக்கு உன் பேர் தெரியாதா?"

"சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பேரைச் சொல்லித்தான் சித்தப்பா கூப்பிடுவாரு. இங்க அது யார் வாயிலயும் வரக் கூடாது" என்றாள்.

பூட்டக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அந்தப் பெண் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு."

"உள்ள விடுவீங்களா?"

"நடந்துகிட்டே சொல்லு. நீ இங்க வந்தது உன் சித்தப்பனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா காலை ஒடிச்சிருவாரு."

"புருஷனுக்கு?"

"வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பொய்யெல்லாம் நல்லாத்தான் சொல்றே" என்றாள் பூட்டக்கா. அதில் கொஞ்சம் மரியாதை இருந்தது.

அறைக்குள் குருவி அக்காவின் கையைப் பிடித்தவள் விடவில்லை.

"பிரசவத்தப்போ நான் உள்ள கூட இருக்கலாமில்லக்கா?" என்று அக்காக்காரி கேட்டாள்.

"இரு. நர்ஸ்கிட்ட நான் சொல்றேன். ஆஸ்பத்திரி வாசல்ல நான் இருப்பேன்."

"அங்க எதுக்கு நீங்க?" என்றாள் குருவி.

பூட்டக்கா ஜன்னல் திரையை விலக்கித் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அக்காக்காரியிடம் திரும்பினாள்.

"பஸ்ல உன் பின்னாடி உக்காந்திருந்தது யாரு?"