மூடுபனியில் ஆறாவது ஆள்

வார நாட்களில் நான் மியூனிக்கில் பொறியாளர். சனிக்கிழமைகளில் மலைச்சரிவில் ஸ்னோபோர்ட், அதாவது ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்குவதை, கற்றுத்தருகிறேன். தலைக்கவசம், கையுறை, காலணியைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு என்று பட்டியலில் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே இறங்குவேன். அன்றும் சரிபார்த்தேன். ஆனால் மூடுபனியில் அடிவாரம் வந்து எண்ணியபோது, என் மாணவர்கள் ஆறு பேரில் ஐந்து பேர்தான் நின்றார்கள். இலங்கைக்காரரான சுமதி அக்காவைக் காணோம்.

மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மலை மேலே போகும் லிஃப்டில் ஏறினேன். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே மெல்ல இறங்கினேன். பாதிச் சரிவில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"பயந்துட்டீங்களா, அக்கா?"

"ஏன் பயம்? விழுந்தால் அசையாமல் இருங்கோ, நான் வருவன் எண்டு டீச்சர் நீங்கள்தானே சொன்னனீங்கள். குண்டிதான் விறைச்சுப் போச்சு."

சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். முதலில் எல்லோருக்கும் முன்னால் இறங்கியபோது நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. இப்போதெல்லாம் கடைசி ஆளாகத்தான் இறங்குகிறேன். ஆனாலும் அந்த நன்றி இன்னும் உறுத்துகிறது.