கிடைத்த இடமும் கேட்ட படிப்பும்

எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் அம்மா மொட்டை போட்டுக்கொண்டார். எங்கள் ஊரான லாபுவில், தோட்டத்து முனீஸ்வரர் கோவிலில், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, இடுப்பு வரை இருந்த முடியைக் கொடுத்துவிட்டு வந்தார். கிடைத்த படிப்பு உணவு அறிவியல். நான் முதல் விருப்பமாகக் கேட்டிருந்ததோ மின், கணினிப் பொறியியல். கேட்டது ஒன்று கிடைத்தது ஒன்று என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஒரு வருடம் மீ நூடுல்ஸின் ஈரப்பதத்தை அளந்தேன். நல்ல படிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மின்னடுப்புக்குள் இருந்த மாவைப் பார்க்கும்போது என் கண் அடுப்பின் பின்பக்கத்துக்கே போகும். சூடு ஏறியதும் தானாக நின்றுவிடுகிறதே, அதற்கு யார் சொன்னது, எப்படிச் சொன்னது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒருமுறை அது பழுதானபோது, திறந்து சரிசெய்ய வந்தவரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே அடுத்த வகுப்பைக் கோட்டை விட்டேன். இனி இங்கே காலம் தள்ள முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

துறை மாற வழி இருந்தது. நல்ல மதிப்பெண் வேண்டும், பழைய துறை விட வேண்டும், புதிய துறை எடுத்துக்கொள்ள வேண்டும், நடுவில் ஒரு நேர்காணல். அதில் தேறாவிட்டால் மறுபடியும் அந்த மீ நூடுல்ஸ்தான். வீட்டில் சொன்னபோது அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது.

“சாமி குடுத்தத யாராச்சும் வேணான்னு சொல்லுவாங்களா? எனக்கு இப்பதான் முடி கழுத்துக்கு வந்திருக்கு. இதுவும் போயி அதுவும் போயி நிக்கப் போற, பாரு.”

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். நேர்த்திக்கடன் என்றாலே அவருக்குக் கிண்டல். பெரிய மீசைக்காரர், காலையில் பசியாறும் முன்பே கண்ணாடி முன் நின்று அதைச் சீவுவார். தலையில் சீவ ஒன்றும் மிச்சமில்லாததால் கவனம் முழுக்க மீசைக்குத்தான்.

“படிக்கப் போறது அவதானே லா,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே கேள்வி.

“அந்தப் படிப்புக்கு என்னா பேரு சொன்ன, பாப்பா?”

“எலக்ட்ரிக்கல் எண்ட் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங், அப்பா.”

“மெதுவா சொல்லு லா.”

நேர்காணல் பயத்தில் தூக்கம் கெட்டிருந்த எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். சாப்பாட்டுக் கடையில் கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கிடைக்காமல் போனால் அவர் மானமும் சேர்ந்து போகுமே என்று அந்தக் கவலை வேறு.

நேர்காணலில் ஏன் மாற வேண்டும் என்று கேட்டார்கள். ஒத்திகை பார்த்துவைத்த பதிலெல்லாம் மறந்துபோய், அடுப்பின் பின்பக்கத்தைப் பற்றி உளறிக் கொட்டினேன். ஒருவர் சிரித்தார். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று தெரியாமல் முடிவு வரும் வரை தவித்தேன்.

நல்ல சிரிப்புதான். இடம் கிடைத்துவிட்டது. விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன், அப்படி ஒரு நிம்மதி. பிறகு போய் வயிறு முட்டச் சாப்பிட்டேன். வீட்டுக்குச் சொன்னபோது அம்மா “சரி” என்றதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா “நெசமாவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் வைத்துவிட்டார்.

அந்த வார இறுதியில் லாபு ரயில் நிலையத்தில் இறங்கினேன். வழக்கமாக அப்பா மோட்டார் சைக்கிளோடு வெளியே நிற்பார். அன்று அவரைக் காணோம். வழுவழு முகத்தோடு யாரோ ஒருவர் நின்றிருந்தார். அவரைத் தாண்டிப் போய்விட்டேன்.

“பாப்பா, எங்க போற?”

குரலைக் கேட்டுத் திரும்பினேன். வெயிலே படாத மேலுதடு தனியாக வெளுத்துத் தெரிந்தது.

“மீசை எங்க, அப்பா?”

“முனீஸ்வரனுக்குக் குடுத்துட்டேன். தலையில குடுக்க என்னா இருக்கு? உள்ளதக் குடுத்தேன்.”

அவரே மேலும் சொன்னார்:

“ஒங்கம்மா இடம் வேணும்னு மட்டும் கேட்டுட்டா. எந்தப் படிப்புன்னு சொல்லல. நான் பேரச் சொல்லிக் கேட்டேன். தப்பா சொல்லிடக் கூடாதுல்ல?”

அம்மாவுக்கு இன்னும் கோபமா என்று மட்டும் கேட்டேன்.

“காலையிலேர்ந்து என் மூஞ்சியப் பாத்துப் பாத்து சிரிக்கிறா. இனிமே எங்க கோவம்? ஏறு.”

ஏறி உட்கார்ந்தேன். மோட்டாரைக் கிளப்பியபடியே, யாரும் கேட்காமலே, அப்பா அந்தப் படிப்பின் பெயரை ஒருமுறை சொன்னார். முழுசாக, எங்கும் தடுக்காமல்.