பந்தல் மூங்கிலில் கட்டிய கேபிள்

இந்த வேலைக்கு வந்ததிலிருந்து மத்தியானச் சோற்றை நேரத்துக்குச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. அன்றைக்கும் சிதம்பரத்தில் ஜேசிபி அறுத்துப்போட்ட கேபிளை ஒட்டவைத்து முடிப்பதற்குள் வெயில் மண்டையைப் பிளந்துவிட்டது. டிபன் பாக்ஸைத் திறக்கிறேன், ஆபீசிலிருந்து போன். கீரப்பாளையத்தில் ஒரு வீட்டில் நெட் இல்லையாம், உடனே போகணுமாம். எல்லாருக்கும் உடனேதான்.

போனால் வாசலில் சாமியானா. சிங்கப்பூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்த மகன் மாரடைப்பில் போய்விட்டான். தகனமும் அங்கேயே. அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. டிவியில் முகத்தையாவது பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். செல்போன் சிக்னலில் படம் நகரவே மறுத்தது.

"இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துடுவாங்க சார்" என்றார் அந்த வீட்டு மருமகன். என் எரிச்சல் அத்தோடு அடங்கிவிட்டது. அலுப்பு அடங்கவில்லை.

மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. கேபிளுக்குள் ஓடுகிற வெளிச்சம் வீடுவரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். தெருமுனைக் கம்பத்தில் ஏறி மீட்டரை வைத்துப் பார்த்தேன், அங்கே நன்றாகவே வந்தது. அப்படியானால் கோளாறு நடுவில். கேபிளை அண்ணாந்து பார்த்தபடி நடந்து வந்தால், சாமியானாவுக்கு இடைஞ்சல் என்று அதை மடக்கி, மூங்கிலோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

"யாருய்யா இப்படிக் கட்டுனது?"

"நான்தாண்ணே" என்றார் பந்தல்காரர். "அறுந்துடக் கூடாதேன்னு பாத்துப் பாத்துக் கட்னேன். கரெண்டு ஒயர இப்படித்தானே கட்றோம்?"

அவரைச் சொல்லி என்ன பயன். உள்ளே இருப்பது செம்புக் கம்பி இல்லை, முடி கனத்தில் கண்ணாடி இழை. வெளிச்சம் அதன் ஓரத்தில் மோதி மோதி உள்ளேயே திரும்பி ஓடும். லேசாக வளைத்தால் அதுவும் கூடவே வளைந்து போகும். ஒரேயடியாக மடக்கினால் அந்த மடிப்பிலேயே வெளியே கசிந்துவிடும். இதை எத்தனை வாசலில் சொல்லியாயிற்று, வாய்தான் வலிக்கிறது. கயிற்றை அவிழ்த்து, கேபிளைத் தளர்த்திப் பெரிய வட்டமாகத் தொங்கவிட்டேன். இழை உடைந்திருக்கக் கூடாதே என்று கட்டியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

"வந்துடுச்சு" என்று உள்ளே யாரோ கத்தினார்கள்.

டிவியில் மகனின் முகம். கூடமே ஓவென்று அழுதது. அம்மா அழவில்லை. எழுந்து போய், கை நிறைய அரிசியை எடுத்துத் திரையில் மகன் வாயருகே வைத்தார். வாய்க்கரிசி அத்தனையும் தரையில் கொட்டியது. மறுபடியும் எடுத்து வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, "லைன் இன்னும் கொஞ்ச நேரம் நிக்குமா தம்பி?" என்றார்.

"நிக்கும்மா. எவ்ளோ நேரம் வேணாலும் நிக்கும்."

அங்கே பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள்.