மிளகாய் இடிக்கும் கண்ணாடி

அந்தப் பொருள் மிளகாய் இடிப்பதற்கென்றே செய்யப்பட்டது என்று எங்கள் வீட்டில் அனைவரும் நம்பினார்கள். கறுப்பு ரப்பர் விளிம்பும் வட்டக் கண்ணாடியுமாக, கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் ஒன்று, கமுதிப் பக்கத்தில் மிளகாய் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டில் வேறு எதற்குப் பயன்படும்? கொழும்பில் கடைவேலை பார்த்த மாமா, சீட்டித் துணிகளோடு அதையும் கொடுத்துவிட்டு, விளக்கம் ஏதும் சொல்லாமல் தனுஷ்கோடியில் கப்பலேறிவிட்டார். கூடவே வந்த வளைந்த குழலை அம்மா அடுப்பூத வைத்துக்கொண்டாள். முகத்தில் புகையடிக்காமல் ஊத முடிகிறதே என்று தம்பியின் புத்தியை அண்டை வீடுகளில் மெச்சினாள்.

அடுத்த முறை வந்த மாமா, அம்மா அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உலக்கை போடுவதைக் கண்டதும் மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினார். துண்டை வாயில் திணித்துச் சிரித்துக்கொண்டிருந்தவரை நானும் அக்காவும் பிடித்துவிட்டோம்.

"அது கடலுக்குள்ள முங்கி மீனு பாக்குற கண்ணாடித்தா. ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லீராதீக. உலக்கை எம்மேல விழுகும்."

அன்று முதல் அக்காவுக்கு வேறு நினைப்பில்லை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். வாழ்க்கைப்படப் போவதோ கடல் வாடையே எட்டாத கரிசல் பூமியில். ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் நீராடப் போகும்போது கடலடியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். விட்டால் வேறு வாய்ப்பில்லை. கண்ணாடியை எடுத்துப் போகலாமா என்று நான் மெல்லக் கேட்டேன். "உப்புத்தண்ணி பட்டா ரப்பரு வீணாப் போகும்" என்றாள் அம்மா. ஆகவே அது கட்டுச்சோற்று மூட்டைக்குள் பயணம் செய்தது.

கரையில் அய்யா, தாத்தாவுக்காக எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார். இடுப்பளவு நீரில் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கினாள். முங்கிய வேகத்தில் அலறிக்கொண்டு எழுந்தாள். ரப்பர் மடிப்பில் மாதக்கணக்காக ஏறியிருந்த மிளகாய்த் தூளை இருவருமே மறந்துபோயிருந்தோம்.

அம்மா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "ஏண்டி, கல்யாணப் பொண்ணு! கண்ணு ரெண்டும் செம்பருத்தியாட்டம் நிக்கிறியே!"

"மீனு பாக்கணும் ஆத்தா. ஒரே ஒரு தடவ."

"சட்டியில பாத்ததெல்லாம் பத்தலையாக்கும்? இங்கன என்ன இருக்கப் போகுது? இரு, நானே பாத்துச் சொல்றேன்."

கண்ணாடியை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாட்டிக்கொண்டு குனிந்தாள். சேலை காற்றில் உப்பி மிதந்தது. நிமிர்ந்தாள், மூச்சு வாங்கினாள், எங்களை ஏறிட்டும் பாராமல் மறுபடி குனிந்தாள்.

"ஏத்தா, கோடு போட்ட குட்டி மீனுடி! மூக்குக்கு நேரா நின்னு என்னய மொறைக்குது!"

"குடு ஆத்தா."

"இருடி, பறக்காத."

"அய்யா பாத்துட்டாகன்னா?"

"எள்ளு தீரட்டும்."

எள் தீரும் தறுவாயில்தான் கண்ணாடி அக்காவின் கைக்கு வந்தது. அலை இழுத்துவிடாமல் அவள் பின்னலை நான் பிடித்துக்கொண்டேன். அய்யாவின் பார்வை படாதபடி அம்மா கரைக்கும் எங்களுக்கும் நடுவே நின்றாள். அக்கா வெகுநேரம் எழவில்லை. எழுந்தபோது சிவந்த கண்களோடு சிரித்து, கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டிவிட்டாள்.

வருடங்கள் ஓடின. அய்யாவும் மாமாவும் போய்ச் சேர்ந்தார்கள், பிறகு அம்மாவும். அன்று அந்தக் கடலுக்குள் பார்த்தவர்களில் அக்காவும் நானும்தான் இன்று இருக்கிறோம்.